நீயும் நானும் பெட்டி வண்டியும்

அக்கா,

நனைந்து காய்ந்த பழைய கித்தான் துணிக்கு ஒரு வாசனை உண்டு. கோணிப்பை, மெழுகு, எங்கேயோ எரிந்து அணைந்த விறகு, எல்லாம் கலந்த வாசனை. இன்று காலை ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது அது ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம், வேப்பமரத்தடியில், உன் மகன் பெட்டி வண்டியின் கூரையைத் தூக்கிக் காற்றாட விட்டிருந்தான்.

உன் வீட்டைக் காலி செய்ய ஓசூரிலிருந்து வந்திருக்கிறான். கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. இதற்குத்தான் கிடைக்கவில்லை. "சித்தி, இது உங்க ஊட்டாண்டயே இருக்கட்டுமா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அவன் போய் வெகுநேரம் ஆகியும் கூரையை இறக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஏறி, நீ படுத்த பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உன்னிடம் பேசுகிற மாதிரியே எழுதிக்கொண்டு போகிறேன்.

முதலில் உன் குரலைத்தான் கேட்டேன், பிறகுதான் உன்னைப் பார்த்தேன். என் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிது. சேவூரில் எங்கள் தெருமுனைக்கு நீ ஓட்டுகிற ஸ்கூல் வேன் வரும் முன்பே உன் குரல் வந்துவிடும். "ஏய் பட்டுக்காரி, உம் புள்ள இன்னும் பல்லு வெளக்கிகினு கீறானா? ஸ்கூலு இங்க வந்து நிக்குமா?" தறிச் சத்தத்தையும் தாண்டிக்கொண்டு அது உள்ளே வரும். உன் வேனில் ஆரன் கெட்டுப்போய் வருஷக்கணக்காகியிருந்தது. சரிசெய்யக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "ஆரன் இன்னாத்துக்குடி? அதுக்குத்தான் நான் கீறேனே" என்றாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நீ பாடினால் எங்கள் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே, "உங்க அக்கா ஆரம்பிச்சிட்டாங்க" என்பார். சர்ச் எங்கே, எங்கள் வீடு எங்கே! அவர் வேண்டுமென்றேதான் சொல்வார். ஆனால் எனக்கு அது கேட்பது போலவே இருக்கும்.

நான் அப்படி இல்லை. என் குரல் எனக்கே பாதிதான் கேட்கும்.

இந்தப் பெட்டி வண்டி மிஷன் பங்களாவின் பின்னால் கிடந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார டாக்டரும் அவர் மனைவியும் ஊர் ஊராக வைத்தியம் பார்க்கப் போகும்போது காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனதாம். அவர்கள் போன பிறகு அதில் கோழிதான் குடியிருந்தது. பங்களாவை இடித்துவிட்டு மண்டபம் கட்டப் போகிறார்கள், இது இரும்புக் கடைக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் போதகரிடம் போய் நின்று கேட்டு வாங்கிக்கொண்டாய். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். பார்த்தால் இரண்டு சக்கரம் வைத்த தகரப் பெட்டி. "இதுக்குள்ள இன்னா கீது?" என்றேன். "ஊடு கீது" என்றாய்.

கூரையைத் தூக்குகிற கைப்பிடி துருப்பிடித்து அசையவில்லை. தறிக்குப் போடுகிற எண்ணெயை நான் எடுத்து வந்து ஊற்றினேன். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். தூக்கத்திலிருந்து எழுகிற ஆள் போல அந்தக் கூரை மெல்ல மெல்ல மேலே வந்தது. இந்தப் பக்கம் ஒரு கட்டில் நீண்டது, அந்தப் பக்கம் ஒரு கட்டில் நீண்டது. நடுவில் நிற்கலாம். சுற்றிலும் கித்தான் சுவர், அதில் ஜன்னல், ஜன்னலுக்கு வாத்து படம் போட்ட திரை. அடை காத்துக்கொண்டிருந்த கோழி ஒன்று கோபமாக இறங்கிப் போனது. நீ கட்டிலில் விழுந்து கைகளை விரித்துக்கொண்டு, "இதை இழுத்துகினு போய் எங்கியாவது நிறுத்தி, ஒரு நாளாவது தூங்கணும்டி" என்றாய். அன்றைக்கே உன் குரல் கொஞ்சம் கரகரவென்றுதான் இருந்தது. பனி என்று நினைத்தோம்.

பனி போயிற்று, கரகரப்பு போகவில்லை. வேலூரில் டாக்டர் பார்த்தார். தொண்டையில் கட்டி, குரல் இருக்கும் இடத்தையே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைக்கலாம், பேச முடியாது என்றார். நீ வீட்டுக்கு வந்து வேனைக் கழுவினாய். கழுவின வேனையே மறுபடியும் கழுவினாய். "ஊமையா கெடக்கறதுக்குப் பேசிகினே செத்துப் போறேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டாய். அவன் எனக்குப் போன் செய்து அழுதான். "நீங்க சொன்னா கேப்பாங்க சித்தி. எப்படியாவது சரின்னு சொல்ல வைங்க." திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை நீ வந்து எங்கள் வாசலில் வேனை நிறுத்தினாய். பின்னால் பெட்டி வண்டி.

"கெளம்புடி. ஒரு ராத்திரி இதுல தூங்கிட்டு வந்து பதில் சொல்றேன்."

எங்கள் வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஊடு இருக்கும்போது கொல்லையில போய்ப் படுக்கறேன்றீங்களே, ரெண்டு பேருக்கும் இன்னா கழண்டுகிச்சா?"

"நீயும் வரியா தம்பி? மடிச்சிப் பெட்டிக்குள்ள வெச்சி எடுத்துகினு போறேன்."

அவர் சிரித்துவிட்டார். வேனையும் வண்டியையும் மாட்டியிருந்த கொக்கியை ஆட்டிப் பார்த்தார். நாய் வந்தால் விரட்ட ஒரு தடியை எடுத்து உள்ளே போட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக் கூரை அல்லாமல் வேறெங்கும் நான் ஒரு இரவு தங்கியதில்லை. புளிச்சோறு கட்டும்போது உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை ருசி பார்த்தேன். பயமா, சந்தோஷமா, தெரியவில்லை. பேசிப் பார்க்கிறேன் என்று உன் மகனுக்குக் கொடுத்த வாக்கும் அந்தச் சோற்று மூட்டையோடு சேர்ந்து கனத்தது.

களம்பூர் ரயில்வே கேட்டில் நின்றபோது சுற்றி நின்றவர்கள் எல்லாம் வண்டியைக் காட்டிக் கேட்டார்கள். ஐஸ் வண்டியா என்றார் ஒருவர். எலெக்‌ஷன் பெட்டியா என்றார் இன்னொருவர். "பொண்ணு ஊட்டு சீரு" என்றாய் நீ, என்னைக் காட்டி. "இதான் பொண்ணு."

திருமலை அடிவாரத்தில், உன் வேனில் வரும் ஒரு பிள்ளையின் மாமாவுடைய கொல்லை. மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்து முடித்திருந்த செம்மண் நிலம், ஓரத்தில் புளியமரங்கள், நேர் எதிரே மலை. வெயில் தாழ மேலே ஏறினோம். பாறையில் செதுக்கின அந்தப் பெரிய சாமியின் முன்னால் நீ வெகுநேரம் நின்றாய். உங்கள் சாமியும் இல்லை, எங்கள் சாமியும் இல்லை. சமணர்களுடைய சாமி. துணிமணி இல்லை, ஆயுதம் இல்லை, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். "எத்தினி காலமா வாயத் தொறக்காம நிக்கிறாரு பாரு" என்றாய். பிறகு, "போரடிக்காதா?" என்றாய். சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறந்தேன். மயில் ஒன்று கத்தியது. மூடிக்கொண்டேன்.

கீழே வந்து கூரையைத் தூக்கினோம். கட்டில்களை நீட்டி, கித்தானின் ஓரங்களைக் கயிற்றால் இழுத்துத் தரையில் முளை அடித்துக் கட்டினோம். பழைய கயிறு மக்கிப் போயிருந்ததால் புதுக் கயிறு. நைலானில் வாங்கலாம் என்றாய் நீ. நான்தான், பருத்தி நூல் கயிறுதான் முடிச்சு நழுவாது என்று பிடிவாதம் பிடித்தேன். கட்டியதும் நானே. தறியில் இழுத்துக் கட்டின பாவு நூல் எப்படி நிற்குமோ அப்படி, ஒரு சுருக்கம் இல்லாமல்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தூறல் போட்டது. அக்கா, எங்கள் வீட்டில் தூறல் போட்டால் யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கை தானாகப் பாவுக்குப் போகும். ஈரக்காற்று பட்டால் பட்டு தொய்யும், அதனால் ஒரு சுற்று இறுக்கி வைப்போம். அதே கை அன்றைக்கும் எழுந்தது. நான் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு கயிறாக இழுத்து இறுக்கினேன். உள்ளே வந்து கூரைத் துணியைத் தட்டிக் காட்டினேன். மேளம் போலச் சத்தம் வந்தது. "பாத்தியா? பாவு மாதிரி."

"கெட்டிக்காரிடி நீ" என்றாய்.

தூறல் பிடித்துக்கொண்டது. புளிச்சோற்றைப் பிரித்து இரண்டு வாய் தின்றிருப்போம். கயிறுகள் முனக ஆரம்பித்தன. கட்டில் லேசாக அசைந்தது. நான் மறுபடியும் இறுக்குவதற்கு எழுந்தேன். அப்போது நம் தலைக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, டர்ர்ரென்று ஒரே கோடாகக் கிழிந்தது. மழை நேராகச் சோற்றில் விழுந்தது.

பட்டு ஈரத்தில் தொய்யும். பருத்தி ஈரத்தில் சுருங்கும். பிறந்ததிலிருந்து பட்டையே தொட்டு வந்த கைக்கு அது தோன்றவில்லை. கயிறுகளைத் தொட்டுப் பார்த்தால் இரும்புக் கம்பி போல இருந்தன. ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருந்ததை நான் போய் இறுக்கியும் விட்டிருக்கிறேன்.

நான் அழுகிற நிலைமையில் நின்றேன். உன் வண்டி, உன் ஆசை, உன் ஒரே ராத்திரி. நீ மேலே பார்த்தாய். என்னைப் பார்த்தாய். சோற்றைப் பார்த்தாய். பிறகு அந்த உடைந்த குரலில் சிரிக்க ஆரம்பித்தாய் பார், புளியமரத்துப் பறவையெல்லாம் கலைந்தது. "ஊட்டுக் கூரையத் தறியில ஏத்திட்டியேடி! அறுத்தது அறுத்த, முந்தானை எங்கடி?"

மழை அதிக நேரம் பெய்யவில்லை. வேனிலிருந்த படுதாவைத் தரையில் போட்டு, ஈரமில்லாத ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒண்டிப் படுத்தோம். மேகம் நகர்ந்தது. கிழிசல் வழியாக ஒரு முழ அகலத்துக்கு வானம் தெரிந்தது. அதில் நட்சத்திரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. தூரத்தில் ரயில் போனது. ஈரமான செம்மண் வாசனை, மல்லாட்டைக் கொடி வாசனை. நாம் படுத்திருப்பது தரையிலா, தண்ணீரிலா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வண்டி மிதந்து போவது போல இருந்தது.

அப்போதுதான் கேட்டாய், மேலே பார்த்தபடியே. "பேச்சு இல்லாத என்னை வெச்சிகினு நீ இன்னாடி பண்ணுவ?"

நான் மனப்பாடம் செய்து வந்த எதுவும் வரவில்லை. உயிர் பெரிசு அக்கா, பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டாமா அக்கா என்றெல்லாம் வைத்திருந்தேன். வேறு ஒன்றுதான் வந்தது. "எங்க ஊட்ல தறி ஓடும்போது யாரு அக்கா பேசறாங்க?" என்றேன்.

"இன்னா?"

"அந்தச் சத்தத்துல பேசினா யாருக்குக் கேக்கும்? எல்லாம் கையாலதான். அவரும் நானும் கையாலயே சண்டை போடுவோம், கண்ணாலயே ராசியாயிடுவோம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."

"நெசமாவா?"

"இது இன்னா, சொல்லு." இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பட்டென்று பிரித்தேன். நீ டார்ச்சை எடுத்து என் கைமேல் அடித்தாய். என் கையின் நிழல் கித்தான் சுவரில் பெரிதாக விழுந்தது. "நூல் அறுந்துபோச்சு" என்றேன். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தேன். "டீ." காது மடலைத் தடவினேன். "மாமியார் வராங்க." அவர்கள் காதில் பெரிய கம்மல் போட்டிருந்தார்கள். இல்லாத மீசையை முறுக்கினேன். "சேலை வாங்கற மொதலாளி வராரு, சிரிக்காத."

நீ ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாய். உன் நிழல் கை என் நிழல் கையைவிடப் பெரிது. மாமியாரும் முதலாளியும் சுவரில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டார்கள். "கெட்ட வார்த்தைக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றாய். அதையும் காட்டினேன். அதைத்தான் நீ சீக்கிரம் கற்றுக்கொண்டாய். நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. சுவரில் உன் கை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, மீன் நீந்துவது போல.

காலையில் நீ பேசவில்லை.

எழுந்தாய், மலையைப் பார்த்தாய், கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தாய். கயிறுகளை அவிழ்த்தோம், கூரையை இறக்கினோம், வேனை எடுத்தாய், ஒரு வார்த்தை இல்லை. கோபமோ என்று பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை. செருப்பு வாங்கும் முன் கடையிலேயே போட்டு நாலு அடி நடந்து பார்ப்போமே, அப்படி ஒரு முகம். எனக்குப் புரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. களம்பூர் வரைக்கும் வயல்களும் பனைமரங்களும் சத்தமே இல்லாமல் பின்னால் போயின.

டீக்கடையில் நிறுத்தினாய். கடைக்காரரிடம் இரண்டு விரல் காட்டி, கட்டைவிரலைச் சாய்த்தாய். சர்க்கரை கொஞ்சம் என்று சிட்டிகை காட்டினாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாக, "பாவம், வாய் பேசாதவங்க" என்றார். அந்த இரக்கத்திலேயே கரண்டி நிறையச் சர்க்கரையை அள்ளி உன் தம்ளரில் போட்டார்.

"யோவ்! சக்கரை கம்மின்னு சொன்னேனே, கண்ணு இன்னா அவிஞ்சா கீது?"

அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. பேப்பர்காரர் எழுந்து நின்றுவிட்டார். நீ வேன் கதவில் சாய்ந்து சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அந்த இனிப்பு டீயையே குடித்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்: "பேசாததுகூட பரவால்லடி. பாவம்ன்றானே, அதுதான் கஷ்டம். அதையும் பொறுத்துக்கலாம். புள்ளைக்குப் போன் போடு."

நான் போன் போட்டுக் கொடுத்தேன். "சரின்னு சொல்லிடுடா" என்றாய், அவ்வளவுதான். அங்கிருந்து சேவூர் வரும்வரை நீ வாயை மூடவே இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் கதை, உன் புருஷன் உன்னைப் பெண் பார்க்க வந்த கதை, சர்ச்சுப் பாட்டு, போகிற லாரிக்காரனுக்கு வசவு. நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். அத்தனையும் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு கிடைத்த காலம் குறைவில்லை, அதிகமும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வரும்போதெல்லாம் நீ மீசையை முறுக்குவாய், நான் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடுவேன். நர்ஸ் பெண் நம் இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்ப்பாள். ஊருக்குத் திரும்பியதும் கிழிந்த கித்தானை நானே தைத்தேன். இரண்டு தடவை மறுபடி போனோம், கயிற்றைத் தளர்த்திக் கட்டி. வேனை உன் கொழுந்தன் மகன் ஓட்டினான். நீ முன் சீட்டில் உட்கார்ந்து கையாலேயே அவனைத் திட்டிக்கொண்டு வந்தாய்.

மற்ற நாளில் உன் வாய் நான்தான். காய்காரன் எடையில் விளையாடினால் நீ கையை ஆட்டுவாய், நான் சொல்லவேண்டும். நான் மெல்லச் சொன்னால் முழங்கையால் இடிப்பாய். இன்னும் சத்தமாக. இன்னும். என் வீட்டுக்காரர் ஒருநாள், "உன்னையும் ஆரன் ஆக்கிட்டாங்களே" என்றார்.

மறுபடியும் நோய் வந்தது, இந்தத் தடவை நெஞ்சில். கடைசி நாள் உன் கை எதையும் காட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

போன வாரம் ஆரணியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தேன், அக்கா. ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் தலையில் மூட்டையுமாகப் படியில் கால் வைக்கிறாள், டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யோவ், நிறுத்துய்யா! ஆளு ஏர்றது தெரியல? அவ்ளோ இன்னா ஜல்தி உனக்கு?" பஸ் குலுங்கி நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான் திரும்பிப் பார்த்தேன், யார் கத்தியது என்று. பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னாம்மா இந்தக் கத்து கத்தற? காது போச்சு" என்றார் டிரைவர்.

"போவட்டும்" என்றேன்.

அந்தப் பெண் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தது. கத்திய இடத்தில் என் தொண்டை எரிந்தது, சேவூர் வரும்வரை எரிந்தது. பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் குடிக்கவில்லை.